எட்டு வாரம் போதாது

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டில் இருக்கிறேன். மதிப்பெண்களுக்குக் குறைவில்லை. போன விடுமுறையில் எட்டு வாரம் ஓர் ஆய்வகத்தில் புராஜெக்ட் செய்தேன். ஏழு வாரம் எதுவும் சரியாக வரவில்லை, கடைசி வாரம் ஒருமுறை வந்தது. அங்கிருந்த பேராசிரியர், “எம்.எஸ்சி.யில் இரண்டு வருடத்தை வீணாக்காதே, நேராக பிஎச்.டி.க்குப் போ” என்கிறார். அண்ணனோ, “எம்.எஸ்சி. முடித்து வேலையைப் பார், பிஎச்.டி. முடித்தவர்களே வேலையில்லாமல் இருக்கிறார்கள்” என்கிறான். எனக்கு ஆராய்ச்சி பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஐந்து வருடம் கழித்து அது தவறு என்று தெரிந்தால் என்ன செய்வேன் மேடம்?

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பேராசிரியர் சொன்னதையும் அண்ணன் சொன்னதையும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு வேண்டிய செய்தி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில்தான் இருக்கிறது. ‘ஏழு வாரம் எதுவும் சரியாக வரவில்லை.’ அந்த ஏழு வாரம் எப்படிப் போயிற்று? ரியாக்‌ஷன் சொதப்பிய அன்று மாலை அறைக்குத் திரும்பி என்ன செய்தீர்கள்? ஏன் வரவில்லை என்று நோட்டைப் புரட்டினீர்களா, நாளைக்குக் கரைப்பானை மாற்றிப் பார்க்கலாமா என்று யோசித்தீர்களா, அல்லது இந்த எட்டு வாரம் எப்போது முடியும் என்று நாட்களை எண்ணினீர்களா? எந்தப் பதிலாக இருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனதுக்குள் மட்டும் உண்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். எட்டாவது வாரம் கிடைத்த மகிழ்ச்சியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ரியாக்‌ஷன் வந்தால் யாருக்கும்தான் மகிழ்ச்சி.

எம்.எஸ்சி.க்கு அடுத்த வகுப்பு பிஎச்.டி. என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பத்துக்கு அப்புறம் பதினொன்று என்பதுபோல. நானும் உங்கள் வயதில் அப்படித்தான் நினைத்தேன். நம் இலக்கணம் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கும் இல்லையா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்சி. உங்களை வழிநூல் வரைக்கும் கொண்டுபோகிறது, பிஎச்.டி. முதல்நூல் கேட்கிறது. எம்.எஸ்சி.யில் இதுவரை தெரிந்ததை ஆழமாகப் படிக்கிறீர்கள், கருவிகளைக் கையாளப் பழகுகிறீர்கள், மற்றவர்கள் செய்ததைச் சரியாகத் திருப்பிச் செய்யக் கற்றுக்கொள்கிறீர்கள். தேர்வு உண்டு, விடைத்தாள் உண்டு, விடை யாரோ ஒருவருக்குத் தெரியும். பிஎச்.டி.யில் உங்கள் கேள்விக்கான விடை, உங்களுக்கு வழிகாட்டும் பேராசிரியரான கைடுக்கே தெரியாது. தெரிந்துவிட்டால் அது பிஎச்.டி.க்கு உரிய கேள்வியே இல்லை. அதனால் முதல் வகுப்பில் தேறிக்கொண்டே வந்த பிள்ளைகள் பலர் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். அறிவு குறைந்துவிடவில்லை. விடை இருக்கிறதா என்றே தெரியாத கேள்வியோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து அவர்களுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

ஒரு சாதாரண நாளைச் சொல்கிறேன். காலையில், கலவையிலிருந்து உங்கள் பொருளைத் தனியே பிரிக்க ஒரு ‘காலம்’ (column) போடுகிறீர்கள். கண்ணாடிக் குழாயில் சிலிக்கா நிரப்பி, மேலே உங்கள் கலவையை ஏற்றி, கரைப்பானை ஊற்றி, கீழே சொட்டுவதைச் சோதனைக் குழாய்களில் வரிசையாகப் பிடிக்கிறீர்கள். நாற்பது, ஐம்பது குழாய்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளியை, எத்தனை பொருள் கலந்திருக்கிறது என்று காட்டும் டி.எல்.சி. தகட்டில் வைத்து, ஓடவிட்டு, 254 நானோமீட்டர் யு.வி. விளக்கின் கீழ் காட்டுகிறீர்கள். பச்சை வெளிச்சத்தில் கருப்புப் புள்ளி. பதினெட்டாவது குழாயிலிருந்து இருபத்தைந்து வரை ஒரே புள்ளி, சுத்தம். எல்லாவற்றையும் சேர்த்து ரோட்டாவேப்பில் கரைப்பானை வற்றவைத்து, குடுவையின் அடியில் மிஞ்சிய வெள்ளைப் பொடியைக் கொஞ்சம் எடுத்து, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். சோதனைக்குக் கொடுக்கிறீர்கள். சாயங்காலம் அதன் வரைபடமான ஸ்பெக்ட்ரம் வருகிறது. இருக்க வேண்டிய பீக் (கோட்டில் எழும் முகடு) எல்லாம் இருக்கிறது. இருக்கக்கூடாத இரண்டும் இருக்கின்றன. தகட்டில் உங்கள் பொருளோடு ஒரே உயரத்துக்கு வேறேதோ ஒன்று ஓடியிருக்கிறது. நாளைக்கு மறுபடியும் முதலிலிருந்து.

என் மூன்றாம் ஆண்டில் இப்படி இரண்டு பீக்கோடு நான்கு மாதம் போராடினேன். கரைப்பானை மாற்றினேன், விகிதத்தை மாற்றினேன், வெப்பத்தைக் குறைத்தேன், போகவில்லை. அதை ஒழிப்பதை விட்டுவிட்டு, அது என்னதான் என்று பார்த்துவிடுவோம் என்று தனியே பிரித்தெடுத்தேன். நாங்கள் எதிர்பார்க்காத இடத்தில் வளையம் மூடி உருவான மூலக்கூறு. என் தீசிஸின் (ஆய்வேட்டின்) மூன்றாவது அத்தியாயம் அதுதான். ஆனால் அந்த நான்கு மாதத்தில் அது அத்தியாயமாகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அழுக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி நான்கு மாதங்களை உங்களால் தாங்க முடியுமா, அதைவிட, அதற்குள்ளேயே ஏதோ ஒரு ருசி உங்களுக்கு இருக்கிறதா என்பதுதான் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது. எட்டு வாரத்தில் இது தெரியாது. உங்கள் குழப்பத்துக்குக் காரணம் அனுபவம் போதாமைதான்.

பேராசிரியர் சொன்னதற்கு வருகிறேன். எம்.எஸ்சி. வீண் என்று அவர் சொல்வது அவர் எந்த நாட்டை மனதில் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் வேதியியலுக்கு இளநிலை முடித்த கையோடு பிஎச்.டி.யில் சேர்வதுதான் வழக்கமான பாதை. சுமார் ஐந்திலிருந்து ஆறு வருடம் ஆகும். முதல் ஓரிரு ஆண்டில் முதுநிலைப் பாடங்களையும் தகுதித் தேர்வையும் அதற்குள்ளேயே முடிக்க வேண்டும். ஐரோப்பாவில், உயர்கல்வியை ஒரே மாதிரி ஆக்க நாடுகள் சேர்ந்து வெளியிட்ட 1999-ஆம் ஆண்டு போலோன்யா பிரகடனத்துக்குப் பிறகு இளநிலை, முதுநிலை, முனைவர் என்று மூன்று படியாக ஒழுங்குபடுத்திவிட்டார்கள். ஜெர்மனியில் முதுநிலை இல்லாமல் உள்ளே நுழைவது அபூர்வம். நுழைந்துவிட்டால் பல இடங்களில் உங்களை ஊழியராகவே ஒப்பந்தம் போட்டு எடுப்பார்கள். பிரிட்டனில் நல்ல ஹானர்ஸ் பட்டத்தோடு நேராகச் சேர வழி உண்டு, மூன்று நான்கு வருடத்தில் முடியும். ஆனால் நான்காண்டு ஒருங்கிணைந்த முதுநிலை முடித்தவர்களோடு போட்டி போட வேண்டும். கனடாவில் எம்.எஸ்சி.யில் சேர்ந்து, நன்றாகப் போனால் நடுவிலேயே பிஎச்.டி.க்கு மாறிக்கொள்ளப் பல பல்கலைக்கழகங்களில் இடம் தருகிறார்கள். இந்தியாவில் 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிப்படி நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நேராக பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். மூன்றாண்டுப் பட்டம் என்றால் இந்திய அறிவியல் கழகம் போன்ற இடங்களில் இருக்கும், முதுநிலையும் முனைவர் படிப்பும் சேர்ந்த ஒருங்கிணைந்த பிஎச்.டி. ஒரு வழி. ஆகவே உங்கள் பட்டம் மூன்றாண்டா நான்காண்டா, எந்த நாட்டைப் பார்க்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சில நாடுகளில் நீங்கள் கேட்கும் கேள்வியே எழாது. அங்கே எம்.எஸ்சி. வழியாகத்தான் போக முடியும்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் வீட்டில் பேசியிருப்பார்கள். அறிவியலில் பிஎச்.டி. மாணவருக்குப் பெரும்பாலும் உதவித்தொகை கிடைக்கும், கட்டணமும் தள்ளுபடியாகும். எம்.எஸ்சி.க்குப் பெரும்பாலும் நாம்தான் கட்ட வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, ‘பிஎச்.டி.யில் சேர்ந்துகொள்வோம், பிடிக்காவிட்டால் நடுவில் எம்.எஸ். என்ற முதுநிலைப் பட்டத்தோடு வந்துவிடலாம்’ என்று சேர்கிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் அப்படி வெளியே வர வழியும் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்து, ஒத்துவராமல் வெளியேறுவது முறையான முடிவு. என்னிடம் இருந்த ஒரு மாணவி இரண்டாம் ஆண்டு முடிவில் அப்படிப் போனார், இன்று ஒரு மருந்து நிறுவனத்தில் பகுப்பாய்வுப் பிரிவில் மகிழ்ச்சியாக இருக்கிறார். ஆனால் வெளியேறும் எண்ணத்தோடேயே உள்ளே போவது சரியில்லை. உங்களை நம்பி ஒருவர் தன் ஆய்வு நிதியை ஒதுக்குகிறார், வேறொரு மாணவருக்குப் போகவேண்டிய இடம் அது.

சரி, அண்ணன் சொன்னது. அவர் சொல்வதில் பாதி உண்மை, அந்தப் பாதியை நீங்கள் கேட்டே ஆகவேண்டும். பிஎச்.டி. என்றால் பேராசிரியர் வேலை என்று நினைத்துச் சேர்கிறவர்களுக்கு அது பெரிய ஏமாற்றமாக முடியும். பிரிட்டனின் அறிவியல் அமைப்பான ராயல் சொசைட்டி 2010-ல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. அங்கே அறிவியலில் பிஎச்.டி. முடிக்கிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், 53 சதவீதம், அறிவியலுக்கு வெளியே வேலைக்குப் போகிறார்கள். பேராசிரியர் என்ற நிலைக்கு வருபவர்கள் 0.45 சதவீதம். இருநூறு பேரில் ஒருவர்கூட இல்லை. வேறு நாட்டில் எண் கொஞ்சம் மாறலாம், முடிப்பவர்கள் ஏராளம், நிரந்தர இடம் கொஞ்சம் என்ற நிலை எங்கேயும் இருக்கிறது. ஆனால் அந்த மீதிப் பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று அண்ணன் புரிந்துகொண்டால் அது தவறு. அவர்கள் தொழிற்சாலை ஆய்வுக்கூடங்களில், காப்புரிமைத் துறையில், தரவுப் பகுப்பாய்வில், அரசு ஆய்வகங்களில், பள்ளிகளில் இருக்கிறார்கள்.

வேலை விஷயத்தில் நானே நேர்காணல் எடுத்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். மருந்து ஆராய்ச்சிக் குழுவில் எம்.எஸ்சி. முடித்த வேதியியலாளர் சீக்கிரமே உள்ளே வந்துவிடுகிறார். இரண்டு மூன்று வருடத்தில் ஆய்வக மேசையில் அவர் கை என்னுடையதைவிட வேகமாகிவிடும். தரக்கட்டுப்பாடு, பகுப்பாய்வு, உற்பத்தி, ஒழுங்குமுறை ஆவணங்கள், இதிலெல்லாம் எம்.எஸ்சி. தாராளமாகப் போதும். அந்த வேலைக்கு பிஎச்.டி. முடித்தவர் விண்ணப்பித்தால், ‘இவர் நிலைப்பாரா?’ என்று தயங்குவார்கள். ஆனால் எந்த மூலக்கூறைச் செய்வது, ஏன் செய்வது, எப்போது ஒரு திட்டத்தைக் கைவிடுவது என்று முடிவெடுக்கும் நாற்காலிக்கு வரும்போது எம்.எஸ்சி. முடித்தவரின் மேல் ஒரு கூரை வந்து நிற்கும். திறமைசாலிகள் சிலர் அதை உடைத்துக்கொண்டு போகிறார்கள். 2002-ல் வேதியியல் நோபல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்ட கோய்ச்சி தனாக்கா இளநிலைப் பட்டம் மட்டுமே பெற்ற நிறுவனப் பொறியாளர். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற நிறை காணும் கருவியில் அளக்க வழி கண்டவர். அவரை நினைத்து உற்சாகப்படலாம், அவரை வைத்துத் திட்டம் போடக்கூடாது. பத்து வருடம் கழித்து நீங்கள் யாருடைய நாற்காலியில் உட்கார ஆசைப்படுகிறீர்களோ, அவர்களில் நான்கைந்து பேர் என்ன பட்டம் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பல்கலைக்கழக ஆசிரியராகவோ, சொந்தமாக ஆய்வுக் குழு நடத்துபவராகவோ ஆக வேண்டுமென்றால் பிஎச்.டி. இல்லாமல் இன்று ஏறக்குறைய எங்கும் முடியாது.

இனி நான் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டிய இடம். எம்.எஸ்சி.யா பிஎச்.டி.யா என்பதைவிட, பிஎச்.டி. என்றால் யாரிடம் என்பது பெரிய கேள்வி. எம்.எஸ்சி.யில் ஓர் ஆசிரியர் சரியில்லை என்றால் அடுத்த செமஸ்டரில் வேறொருவர் வருவார். பிஎச்.டி.யில் ஐந்து வருடமும் ஒரே கைடு. அவர் கையெழுத்து இல்லாமல் தீசிஸ் நகராது, பட்டம் வாங்கிய பிறகும் பத்து வருடம் அவர் எழுதும் சிபாரிசுக் கடிதம் உங்களோடு வரும். என் முதல் கைடு, நான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது வேறு நிறுவனத்துக்கு மாறிப் போய்விட்டார். நான் அவரோடு போகவும் முடியாமல், அங்கேயே அந்தத் தலைப்பைத் தொடரவும் முடியாமல், புதிய ஆய்வகத்தில் புதிய தலைப்போடு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் மீது கோபம் இல்லை, அவர் வாழ்க்கை அவருக்கு. ஆனால் சேர்வதற்கு முன் நான் அவரிடமோ அவர் மாணவர்களிடமோ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பெயரைப் பார்த்தேன், பேப்பர்களைப் பார்த்தேன், சேர்ந்துவிட்டேன்.

நீங்கள் கேளுங்கள். கைடு இல்லாத நேரத்தில் அவருடைய மாணவர்களோடு பேசுங்கள். இந்த லேபில் முடிக்கச் சராசரியாக எத்தனை வருடம் ஆகிறது, கடைசி ஐந்து வருடத்தில் எத்தனை பேர் நடுவில் போனார்கள், ஏன் போனார்கள், பேப்பரில் முதல் பெயர் யாருக்கு என்பதை எப்போது முடிவு செய்வார்கள், உதவித்தொகை எந்த ஆண்டு வரை உறுதி, முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள். பதில் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். கேள்விக்குப் பதில் வருவதற்கு முன் அந்த மாணவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தால், எவ்வளவு பெரிய ஆய்வகமாக இருந்தாலும் வேண்டாம். 2019-ல் ‘நேச்சர்’ இதழ் 6,000-க்கும் மேற்பட்ட பிஎச்.டி. மாணவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், படிப்பினால் வந்த மனப்பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ உதவி தேடியதாகச் சொன்னவர்கள் 36 சதவீதம். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இவ்வளவு பேரைத் தொடும் விஷயத்தில் நல்ல கைடு கிடைப்பதை அதிர்ஷ்டத்திடம் விட்டுவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

“ஐந்து வருடம் கழித்துத் தவறு என்று தெரிந்தால்?” என்று கேட்டீர்கள். ஐந்து வருடம் கழித்துத் தெரியாது. ஒன்றரை வருடத்திலேயே தெரிந்துவிடும், நம்மில் பலர் அதை ஒப்புக்கொள்ளாமல் மீதியை இழுக்கிறோம். ஆகவே எந்த வழியில் போனாலும், போவதற்கு முன்பே ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். தகுதித் தேர்வு முடிந்த மாதம் வைத்துக்கொள்ளலாம். அன்று மூன்றைக் கேளுங்கள்: காலையில் லேபுக்குப் போகப் பிடிக்கிறதா, என் கேள்வி எனக்குச் சொந்தமாகிவிட்டதா இல்லை இன்னும் கைடுடையதாகவே இருக்கிறதா, என் உடம்பும் தூக்கமும் சரியாக இருக்கின்றனவா. மூன்றுக்கும் இல்லை என்று வந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் போய்ப் பேசுங்கள்.

உங்கள் இடத்தில் என் மகள் இருந்தால் நான் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். எட்டு வார அனுபவத்தை மட்டும் வைத்து நேராக பிஎச்.டி.க்குப் போகச் சொல்ல மாட்டேன். உங்களால் முடியாது என்பதால் இல்லை, உங்களுக்கே இன்னும் தெரியாது என்பதால். அதற்காக, தோழிகள் எல்லோரும் போகிறார்கள் என்று பாடம் மட்டுமே உள்ள எம்.எஸ்சி.க்கும் போகச் சொல்ல மாட்டேன். இன்னும் இரண்டு வருடம் தேர்வு எழுதினால் நீங்கள் தேர்வு எழுதுவதில் கெட்டிக்காரி என்பதுதான் மறுபடியும் தெரியவரும், அது ஏற்கெனவே தெரிந்ததுதான். குறைந்தது ஒரு வருடமாவது ஒரே கேள்வியோடு ஆய்வகத்தில் உட்காரவைக்கும், தீசிஸ் உள்ள எம்.எஸ்சி.யைத் தேடுங்கள். ஒருங்கிணைந்த பிஎச்.டி.யோ, நடுவில் மாறிக்கொள்ளும் வசதியோ கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்கும் வழியில்லை என்றால் ஒரு வருடம் சம்பளத்துக்கு ஆய்வு உதவியாளர் வேலை பாருங்கள். அந்த வருடம் வீண் ஆகாது. பிஎச்.டி. விண்ணப்பத்துக்குப் பல இடங்களில் மூன்று சிபாரிசுக் கடிதங்கள் கேட்பார்கள். எட்டு வாரம் பார்த்தவர், “கெட்டிக்காரப் பெண், ஒழுங்காக வருவார்” என்று எழுதுவார். ஒரு வருடம் பார்த்தவர், எந்த ரியாக்‌ஷன் எப்படிக் கெட்டது, நீங்கள் அதிலிருந்து எப்படி வெளியே வந்தீர்கள் என்று எழுதுவார். தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டாவது கடிதத்தைத்தான் நாங்கள் கடைசி வரை படிப்போம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த ஏழு வாரத்தை நினைக்கும்போது, அந்த ரியாக்‌ஷன் ஏன் வரவில்லை என்பது இன்னும் உங்களை அரித்துக்கொண்டே இருந்தால், விடுமுறை முடிந்து இத்தனை மாதமாகியும் அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தால், இரண்டு மூன்று நேரடி பிஎச்.டி. இடங்களுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். எம்.எஸ்சி. விண்ணப்பமும் கூடவே போகட்டும். இரண்டும் கிடைத்தால் எதை எடுப்பது என்பதை கைடைப் பார்த்து முடிவு செய்யலாம்.

இப்போதைக்கு ஒரு வேலை. அந்தப் பேராசிரியருக்கு இந்த வாரமே எழுதி, உங்கள் இறுதியாண்டு புராஜெக்டை அவரிடமே செய்ய முடியுமா என்று கேளுங்கள். கடைசி வாரம் ஒரே ஒருமுறை வந்த அந்த ரியாக்‌ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏன் அன்று மட்டும் வந்தது என்று கண்டுபிடிக்கப் பாருங்கள். நான்கு மாதம் கழித்து, கண்டுபிடித்தாலும் சரி, கண்டுபிடிக்காவிட்டாலும் சரி, எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.